பேய்ப்பெயர்களும் சமயத் தொடர்பும்: இடைக்கால அரபு நூல்களை முன்வைத்துச் சில கருத்துகள்

முன்னுரை

சமயங்கள் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டே அண்டை அயலாக வாழ்ந்த நிலப்பகுதிகளில், பேய்களின் பெயர்கள் ஒரு சமயத்தாரிடமிருந்து மற்றொரு சமயத்தாரிடம் தடையின்றிச் சென்று சேர்ந்துள்ளன. இடைக்கால அரபு நூல்களில் இடம்பெறும் அலகைப் பெயர்களை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை எளிதில் புலனாகும். அப்பெயர்களுள் அரபியின் சொந்த வேர்களில் தோன்றியனவும் உள; கிரேக்கம், எபிரேயம், அரமேயம், பாரசீகம், எத்தியோப்பியம் ஆகிய மொழிகளின் சுவடு உடையனவும் உள.

இப்பெயர்களின் பிறப்பை ஆராயும் முயற்சி இருவகையில் திசை மாறுவதுண்டு. பெயர் பிறமொழிக்கு உரியது என்றால் அதனைச் சார்ந்த நம்பிக்கையும் இரவல்தான் என்று வாதிடுவோர் ஒருசாரார். நம்பிக்கை தமக்கே உரியது என்பதால் பெயரும் தம் மொழி வேரிலிருந்தே பிறந்திருத்தல் வேண்டும் என்று நிறுவ முயல்வோர் மற்றொரு சாரார். இருவரும் எதிரெதிர் அணியினர் போலத் தோன்றினும், பெயரின் பிறப்பே பொருளின் உரிமையைத் தீர்மானிக்கும் என்னும் ஒரே எடுகோளின்மீது நிற்கின்றனர். அவ்வெடுகோள் பிழையானது. பேய்ப்பெயரின் பிறப்பு, எவர் எவரோடு பேசினர் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, எவர் எவருக்குக் கடன்பட்டார் என்பதற்குச் சான்றாகாது. இடைக்கால அரபு அறிஞருள் சிலரே இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

இப்லீஸ்: இலக்கணத்தார் நடத்திய வழக்கு

ஆதமுக்குப் பணிய மறுத்தவனாகத் திருக்குர்ஆன் கூறும் இப்லீஸின் பெயர் அரபு இலக்கணத்தாரிடையே நெடிய விவாதத்தை எழுப்பியது. நம்பிக்கை இழத்தல் என்னும் பொருளுடைய ‘அப்லஸ’ என்னும் வினையோடு அதனை இயைத்துக் காண்பது ஒரு மரபு. இறையருளில் நம்பிக்கை இழந்தவன் என்னும் விளக்கம் பொருளளவில் நன்கு பொருந்துவதே. ஆயின் இலக்கணத்தில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. இச்சொல், அரபியில் வேற்றுமொழி இயற்பெயர்கள் ஏற்பது போன்ற குறைந்த வேற்றுமை உருபுகளையே ஏற்கிறது.

பெரும் உரையாசிரியரும் வரலாற்றாசிரியருமான தபரீ (இறப்பு 923) இதற்கு ஓர் அமைதி கூறினார். சொல் அரபு வேரினதே. ஆயினும் அரபுப் பெயர்களுள் இதற்கு இணையான வடிவம் இன்மையால் மக்கள் இதனை அயற்பெயர் போலக் கருதி வழங்கினர் என்பது அவர் கருத்து. அரபியில் கலந்த அயற்சொற்களுக்கெனத் தனிநூல் இயற்றிய ஜவாலீகீ (இறப்பு 1144) அதே இலக்கண அமைதியை மாறுபடக் கொண்டார். அரபு வினையிலிருந்து பிறந்ததாயின் இச்சொல் முழு உருபுகளையும் ஏற்றிருக்கும். ஏற்காமையின் இஃது அரபுச்சொல் அன்று என்பது அவர் முடிவு. சான்று ஒன்றே, முடிவு இரண்டு. ஜவாலீகீ இதனால் எவ்வகைச் சமய இழப்பும் நேர்ந்ததாகக் கருதவில்லை என்பது நோக்கத்தக்கது.

இக்கால ஆய்வாளர் பலர் இப்பெயரைக் கிரேக்க ‘டியாபொலோஸ்’ என்னும் சொல்லோடு இணைக்கின்றனர். அச்சொல்லுக்குப் பழிதூற்றுவோன் என்பது பொருள். முதலில் உள்ள டகர ஒலி எங்ஙனம் மறைந்தது என்னும் வினாவுக்கு, அரமேய வகைமொழியாகிய சிரியாக்கில் அவ்வொலி உடைமைப் பொருள் தரும் முன்னொட்டாகவும் வழங்குவதால், கேட்போர் அதனைப் பெயரின் பகுதியாகக் கொள்ளாது விட்டனர் என விடை கூறுவர். ஆர்தர் ஜெஃப்ரி தொகுத்த திருக்குர்ஆன் அயற்சொல் அகராதி இவ்வகைக் கருத்துகளை ஒருங்கு திரட்டித் தந்தது. அந்நூல் 1938இல் இந்தியாவில், பரோடாவிலிருந்து வெளிவந்தது.

இதனினும் நுட்பமான ஒரு செய்தி உண்டு. எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் ‘சாத்தான்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு நேராக அமைத்ததே ‘டியாபொலோஸ்’. ஆகவே மூலச்சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும் வெவ்வேறு வழிகளில் பயணம் செய்து அரபியில் ஒன்றுசேர்ந்துள்ளன. மூலச்சொல் ‘ஷைத்தான்’ ஆயிற்று. அதன் ஐகார ஒலி பண்டை எத்தியோப்பிய வடிவத்தோடு ஒத்திருப்பதால், செங்கடலுக்கு அப்பாலிருந்த கிறித்தவரின் தொடர்பும் இங்குச் சுட்டப்படுகிறது. தொலைவாதல் என்னும் பொருளுடைய அரபு வேரோடும் எரிதல் என்னும் பொருளுடைய வேரோடும் இதனை இயைத்து அரபு இலக்கணத்தார் விளக்கம் கூறினர். மொழிபெயர்ப்புச் சொல்லோ ‘இப்லீஸ்’ ஆயிற்று.

எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒன்றற்கு ஒன்று ஈடாக நின்ற இரு சொற்கள் அரபியில் வேலையைப் பகிர்ந்துகொண்டன. இப்லீஸ் ஒருவனுக்கே உரிய இயற்பெயர். ஷைத்தான் பன்மையும் ஏற்கும் பொதுப்பெயர். திருக்குர்ஆனில் ஆதமுக்குப் பணிய மறுக்கும் இடத்தில் இப்லீஸ் என்னும் பெயரும், ஆதமையும் அவர் துணைவியையும் மயக்கும் இடத்தில் ஷைத்தான் என்னும் பெயரும் நிற்கின்றன. இப்பாகுபாட்டை எபிரேயமும் தரவில்லை, கிரேக்கமும் தரவில்லை. வாங்கிய மொழியே அதனை உருவாக்கிற்று. வந்த சொல்லைக் கடன் என்று மட்டும் குறிப்பவர் இந்த ஆக்கத்தைக் காணத் தவறுகின்றனர்.

இவ்வழக்குக்கு ஒரு நடுநிலைத் தீர்ப்பு 9ஆம் நூற்றாண்டிலேயே கூறப்பட்டுவிட்டது. திருக்குர்ஆனில் அயற்சொல் இல்லை என்போரும் உண்டு என்போரும் வாதிட்ட காலத்தில், அபூ உபைத் அல்காசிம் (இறப்பு 838) இருவர் கூற்றும் உண்மை என்றார். அச்சொற்கள் பிறப்பால் அயலன. அரபியர் தம் நாவுக்கேற்பத் திருத்தி வழங்கியபின் அரபுச் சொற்களே என்பது அவர் துணிபு. வடசொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்து, வடவெழுத்தை நீக்கி ஏற்குமாறு விதித்த தொல்காப்பிய நெறியை அறிந்தோர்க்கு இத்தீர்ப்பு புதிதாகத் தோன்றாது.

பெயர் ஒரு வழி, கதை மற்றொரு வழி

பெயரும் கதையும் எப்போதும் சேர்ந்தே பயணம் செய்யும் என்று கொள்வது அடுத்த பிழை. பாபிலோனில் சூனியத்தோடு தொடர்புபடுத்தப்படும் ஹாரூத், மாரூத் என்னும் இருவர் இதற்குத் தக்க சான்று. இவ்விருவரும் வானவர்; பேய்கள் அல்லர். ஆயினும் சூனிய நூல்களின் வரலாற்றில் இவர்களுக்குத் தவிர்க்க இயலாத இடம் உண்டு. இவர்தம் பெயர்கள் ஜரதுஷ்டிர சமயத்தின் ஹௌர்வதாத், அமெரெதாத் என்னும் இரு தெய்வ ஆற்றல்களின் பெயர்களோடு தொடர்புடையவை என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. முன்னது நிறைவையும் பின்னது சாவாமையையும் குறிக்கும். அர்மீனிய மொழியில் ஒரு மலரின் பெயராக ஏறத்தாழ இதே இணை வழங்குவதும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது.

ஆனால் பாரசீக மரபில் இவ்விரு ஆற்றல்களும் நீருக்கும் செடிகொடிகளுக்கும் காவலாய் நிற்பவை. வீழ்ச்சி அடைந்தவை அல்ல. திருக்குர்ஆன் உரைகளில் விரிவாகச் சொல்லப்படும் கதையோ, மண்ணுக்கு இறங்கி வந்து பெண்ணால் மயங்கி ஒறுக்கப்பட்ட வானவர் கதை. அது ஏனோக்கு நூல் மரபிலும் பின்னைய யூத விளக்க நூல்களிலும் வேறு பெயர்களோடு காணப்படுகிறது. பாரசீகப் பெயரும் யூதக் கதையும் ஒன்றுகூடிய களமாகப் பாபிலோன் சொல்லப்படுவது பொருத்தமே. இரு சமயத்தாரும் நூற்றாண்டுகள் பல அடுத்தடுத்து வாழ்ந்த நிலம் அது. இக்கதை யூத நூல்களின் வழியே வந்தது என்பதை இசுலாமிய உரையாசிரியரே கண்டு கூறியுள்ளனர். 14ஆம் நூற்றாண்டினரான இப்னு கதீர், அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து, யூதராயிருந்து இசுலாத்தைத் தழுவிய கஅபுல் அஹ்பாரிடம் அதனைக் கொண்டுபோய் நிறுத்தினார். மூலத்தைத் தேடும் ஆய்வு மேலைநாட்டார் வந்து கற்பித்ததன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

இதற்கு மறுதலையான நிகழ்வும் உண்டு. சுலைமான் அரசரின் மோதிரத்தைக் கவர்ந்து அவர் அரியணையில் அமர்ந்த பேயின் கதை பாபிலோனியத் தல்மூதில் இடம்பெறுகிறது. அங்கு அப்பேயின் பெயர் அஷ்மெதாய். இப்பெயர் சினத்தின் பேயைக் குறிக்கும் ‘ஐஷ்ம தைவ’ என்னும் ஈரானியத் தொடரிலிருந்து வந்தது என்பர். அரபு உரைநூல்களில் கதை அவ்வாறே தொடர்கிறது. பேய்க்குரிய பெயராகவோ பாறை எனப் பொருள்படும் ‘ஸக்ர்’ என்னும் அரபுச்சொல் பெரிதும் வழங்குகிறது. முன்னதில் பெயர் நிலைத்தது, கதை மாறியது. பின்னதில் கதை நிலைத்தது, பெயர் மாறியது. பெயரை மட்டும் பின்தொடரும் ஆய்வாளருக்குப் பின்னைய தொடர்பு கண்ணிலேயே படாது.

பட்டியல்களும் பானைகளும்

இத்தொடர்புகள் கற்றோர் அவையில் மட்டும் நிகழ்ந்தனவல்ல. மெசபொத்தேமியாவில் ஏறத்தாழ 5 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை வழங்கிய மந்திர மண்கிண்ணங்கள் இதனைத் தெளிவுறுத்துகின்றன. வீட்டில் கவிழ்த்துப் புதைக்கப்பட்ட இக்கிண்ணங்களின் உட்புறத்தில் அரமேய மொழியின் பல்வேறு வகைகளில் பேயோட்டும் வாசகங்கள் சுருள்சுருளாக எழுதப்பட்டுள்ளன. நிப்பூர் அகழாய்வில் கிடைத்தவற்றை ஜேம்ஸ் மாண்ட்கோமரி 1913இல் பதிப்பித்தார். யூத எழுத்தர் எழுதிய கிண்ணங்களில், காப்பு வேண்டியோர் பலருடைய பெயர்கள் பாரசீகப் பெயர்களாக உள்ளன. நோயுற்ற குழந்தையின் தாய், மந்திரம் எழுதுவோரின் சமயத்தை ஆராய்ந்துகொண்டிருந்திருக்க மாட்டாள். பேய்ப்பெயர்கள் எல்லை கடந்ததற்கு இத்தகைய அன்றாடத் தேவையே முதற்காரணம் எனலாம்.

பக்தாதில் நூல் வணிகராயிருந்த இப்னு அந்நதீம் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த ‘ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில், மந்திர நூல்களைப் பற்றிய பகுதியொன்று உண்டு. சுலைமான் முன் வந்து பணிந்த 70 பேய்களின் பெயர்களை அது வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் ஃபீரூஸ், ஹுர்முஸ் போன்ற பாரசீகப் பெயர்களும் அரபு ஆண், பெண் பெயர்களும் கலந்து நிற்கின்றன. கைவான் என்னும் பெயரும் சுஹல் என்னும் பெயரும் தனித்தனிப் பேய்களாக இடம்பெறுகின்றன. முன்னது சனிக்கோளின் பாரசீகப் பெயர். பின்னது அதே கோளின் அரபுப் பெயர். பாரசீகப் பெயரும் அக்கேடிய மொழியில் நிலையானது எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததே. கோள் ஒன்று, மொழி இரண்டு, அதனால் பேயும் இரண்டு.

இத்தகைய பட்டியல்களைக் கையாள்வதில் எச்சரிக்கை தேவை. அரபு எழுத்துகள் பலவற்றைப் புள்ளிகளே வேறுபடுத்துகின்றன. பொருள் விளங்காத அயற்பெயரைப் படியெடுப்போர் புள்ளியை மாற்றியிடுவதும் விடுவதும் இயல்பு. புள்ளியும் நெடில் வேறுபாடும் இல்லாத ஏட்டுச்சுவடிகளிலிருந்து அரும்பெயர்களை மீட்டெடுக்க முயன்ற தமிழ்ப் பதிப்பாசிரியர் நன்கறிந்த இடர்ப்பாடு இது. எழுத்துப்பிழையால் பிறந்த பெயருக்கு வேர் தேடுவது வீண்முயற்சியாகவே முடியும்.

அரபியிலிருந்து வெளியே சென்ற பெயர்களும் உள. பிற்கால அரபு மந்திர நூல்கள் கிழமைக்கு ஒருவராக ஏழு ஜின் அரசர்களைக் கூறும். ஞாயிற்றுக்கிழமைக்குரியவன் பொன்னிறத்தோன், செவ்வாய்க்கிழமைக்குரியவன் பெயர் அஹ்மர், அதாவது சிவந்தோன். செம்மையால் பெயர்பெற்ற செவ்வாயை அறிந்த தமிழர்க்கு இங்குள்ள கோள் தொடர்பை விளக்க வேண்டுவதில்லை. சனிக்கிழமைக்குரியவன் மைமூன். இச்சொல்லின் நேர்ப்பொருள் நற்பேறுடையோன் என்பது. அச்சம் தருவதை நற்பெயரால் குறிக்கும் வழக்கமாக இதனைக் கொள்ள இடமுண்டு. நன்னூலார் கூறும் மங்கல வழக்கும், நஞ்சுடைய நாகத்தை நல்லபாம்பு என்னும் உலக வழக்கும் இதற்கு ஒப்புமை. இப்பெயர் பின்னர் ஐரோப்பிய இலத்தீன் மந்திர நூல்களுள் புகுந்து, அங்கும் சனிக்கிழமைக்குரிய பேயரசனாகவே ‘மைமோன்’ என நிற்கிறது. இலத்தீன் எழுத்தர்க்கு அதன் மங்கலப்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெயரும் கிழமையும் பணியும் மட்டுமே அவர்க்குப் போதுமானவை. கொள்வோராக இருந்த அரபியர் இங்குக் கொடுப்போர் ஆயினர்.

ஒலி, வழி, பணி

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு நெறியை வகுத்துக்கொள்ளலாம். பேய்ப்பெயர் ஒன்று பிறமொழியிலிருந்து வந்தது எனத் துணிவதற்கு மூன்று சான்றுகள் தேவை. ஒலியொப்புமை முறையான ஒலிமாற்றங்களால் விளக்கப்பட வேண்டும். இரு மொழியாரும் எங்கு, எக்காலத்தில் தொடர்புகொண்டனர் என்னும் வழி காட்டப்பட வேண்டும். இரு மரபுகளிலும் அப்பெயருடையது ஆற்றும் பணி ஒப்பிடப்பட வேண்டும். மைமூனுக்கு மூன்றும் உண்டு. இப்லீஸுக்கு வழியும் பணியும் வலுவாக உள்ளன. ஒலிமாற்றத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் உண்டு.

பாலைநிலத்தில் வழிப்போக்கரை ஏமாற்றும் ‘கூல்’ என்னும் பேயின் நிலை வேறு. இதனை அக்கேடிய ‘கல்லூ’ என்னும் பேயோடு இணைக்கும் கருத்து பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. ஆனால் திடீரெனப் பற்றி அழித்தல் என்னும் பொருளுடைய அரபு வேரே இப்பெயரை விளக்கப் போதுமானதாக உள்ளது. அக்கேடியத்திலிருந்து பாலைநில அரபியர் வரை இச்சொல் வந்த வழியும் ஐயமற நிறுவப்படவில்லை. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு இதனைக் கடன்சொல் எனத் துணிவது, இப்லீஸை அரபு வேரிலேயே அடக்க முயன்றதற்கு ஒப்பான பிழையே. இரண்டிலும் முடிவு முன்னரே எடுக்கப்பட்டு, சான்று பின்னர்த் தேடப்படுகிறது.

தமிழாய்வுக்கு இதனால் ஆவது

இப்பெயர்களுள் சில தமிழுக்கும் வந்துள்ளமையால் இஃது அயல்நாட்டுச் செய்தி மட்டுமன்று. இசுலாமியத் தமிழ் நூல்களில் இப்லீஸ் என்பது ‘இபுலீசு’ என உருப்பெற்றது. மெய்ம்மயக்கத்துக்கு ஒவ்வாத இடத்தில் உகரம் புகுந்து, இறுதியில் குற்றியலுகரம் சேர்ந்த இவ்வடிவம் முற்றும் தமிழ் மரபினது. அரபு எழுத்தில் எழுதப்பட்ட அரபுத்தமிழ் நூல்களோ மூல எழுத்துக்கூட்டலையே காத்தன. எழுத்தைத் தேர்ந்தபோதே சொல்லின் உருவமும் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது.

கிறித்தவர் வழக்கோடு ஒப்பிடும்போது இது மேலும் விளங்கும். தமிழ் விவிலியத்தில் கிரேக்க ‘டியாபொலோஸ்’ என்பதற்குப் ‘பிசாசு’ என்னும் சொல் அமைந்தது; எபிரேய மூலச்சொல் ‘சாத்தான்’ எனப் பெயர்க்கப்படாமலே நின்றது. ஆக, அதே கிரேக்கச் சொல் கிறித்தவர் வழியாக மொழிபெயர்ப்பாகவும் இசுலாமியர் வழியாக ஒலிபெயர்ப்பாகவும் தமிழை அடைந்துள்ளது. அதே எபிரேயச் சொல் சாத்தான், சைத்தான் என இரு வடிவங்களில் வழங்குகிறது. அடுத்தடுத்த தெருக்களில் வாழ்வோர் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே கருதி வழங்குவர். அகராதியில் ‘அரபு’ என்றோ ‘எபிரேயம்’ என்றோ ஒற்றைக் குறிப்பு இடுவதால் இவ்வரலாறு முழுவதும் மறைந்துபோகிறது. இத்தகைய சொற்களுக்கு மூலமொழியோடு, வந்த வழியும் முதலில் வழங்கிய நூலும் குறிக்கப்படுதல் வேண்டும்.

சாத்தான் என்னும் சொல்லைச் சீத்தலைச் சாத்தனார் முதலியோர் பெயரில் உள்ள ‘சாத்தன்’ என்பதோடு இணைத்துக் காண விழைவோர்க்கும் மேற்கூறிய நெறி பயன்படும். ஒலி நெருங்கியுள்ளது, ஆனால் வழியும் இல்லை, பணியும் பொருந்தவில்லை. ஆகவே அது தற்செயலான ஒப்புமையே.

1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ‘ஆயிர மசலா’ இவ்வகை ஆய்வுக்கு உகந்த களம். யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகளாரிடம் வினாக்கள் கேட்டு விடைபெறுவதாக அமைந்த அரபு மரபிலிருந்து கிளைத்தது அந்நூல். அதே மரபு 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலும், பின்னர் மலாய், சாவக மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பியக் கிறித்தவர் இசுலாத்தை மறுப்பதற்காகப் பெயர்த்ததும், தமிழ்ப் புலவர் இசுலாத்தைப் போற்றுவதற்காகப் பாடியதும் ஒரே வினாவிடை மரபே. இம்மொழிகளில் வானவர், ஜின், அலகை ஆகியோரின் பெயர்கள் எவ்விடத்தில் மொழிபெயர்ந்தன, எவ்விடத்தில் ஒலிபெயர்ந்தன என ஒப்பிட்டு ஆராய்வது தமிழ்த்துறையினர் மேற்கொள்ளத்தக்க பணி. அரபியும் மலாயும் அறிந்தோரின் துணையின்றி அது நிறைவேறாது.

முடிவுரை

சமயப் பூசல்கள் மிகுந்துவரும் இந்நாளில் சொற்பிறப்பியல் எளிதில் படைக்கலம் ஆகிவிடுகிறது. ஒரு பெயர் அயலது என்று காட்டுவதால் எந்தச் சமயமும் பொய்யாகிவிடாது. தம்முடையது என்று காட்டுவதால் மெய்யாகிவிடவும் செய்யாது. ஜவாலீகீயும் அபூ உபைதும் இப்னு கதீரும் தம் சமயத்தில் உறுதியோடு நின்றுகொண்டே சொல்லின், கதையின் மூலத்தை அஞ்சாது ஆராய்ந்தனர். கல்விக்கு உரிய நேர்மை அது. ஒலி, வழி, பணி என்னும் மூன்றனுள் ஒன்று குறையினும் துணிபு கூறாது நிற்பதும், மூன்றும் கிடைத்தவிடத்து யாருக்கு உவப்பாயினும் உவப்பன்றாயினும் கூறிவிடுவதும் இன்றைய ஆய்வாளரின் கடமையாகும்.